உடம்புச் சூடு

விழுங்கக் கூடாது என்று டாக்டர் ஜோஷுவா சொன்னதிலிருந்து சுலோசனாவுக்கு விழுங்குவதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. சும்மா இருக்கும்போது யாராவது எச்சில் விழுங்குவதைப் பற்றி நினைப்பார்களா, அது பாட்டுக்கு ஊறும், அது பாட்டுக்கு இறங்கும், ஐம்பது வருஷமாக அப்படித்தான் இறங்கிக்கொண்டிருக்கிறது, இன்றைக்குப் பார்த்து நாக்குக்கடியில் குளம் கட்டி நிற்கிறது. இறக்கிவிடலாம் என்றால் தொண்டை எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. மரத்துப்போக மருந்து அடித்திருந்தார்கள், வாழைப்பழ வாசனையும் கசப்புமாக ஒரு மருந்து, அடித்த கொஞ்ச நேரத்தில் தொண்டை காணாமல் போய்விட்டது. மூக்கு வழியாக ஒரு கறுப்புக் குழாய் உள்ளே போயிருந்தது, மண்புழு கனம்தான், நுனியில் விளக்கும் கேமராவும் இருக்கிறதாம். டாக்டரின் தோளுக்கு மேலே இருந்த டிவியில் அவளுடைய தொண்டை தெரிந்தது. தன் தொண்டையைத் தானே பார்க்கிற யோகம் எத்தனை பேருக்குக் கிடைக்கும். ரோஸ் நிறத்தில், ஈரமாக, மழை விட்ட பிறகு பார்க்கிற குகை மாதிரி, நடுவில் வெள்ளையாக இரண்டு பட்டைகள். "பாத்தீங்களாம்மா, வலது பக்கம் ஆடுது. இடது பக்கம் சும்மா கெடக்குது. ரெண்டும் நடுவுல வந்து ஒட்டினாத்தான் சத்தம். ஒண்ணு வரலை, அதான் காத்தா ஒழுகுது," என்றார் டாக்டர். அவர் சொல்லாமலே தெரிந்தது. இரட்டைக் கதவில் ஒன்று மட்டும் சாத்திக்கொள்ள வருகிறது, இன்னொன்று கீல் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறது. போன வருஷம் தைராய்டு கட்டியை எடுத்தபோது நரம்பு கட்டியோடு ஒட்டிக் கிடந்ததாம், பிரித்தெடுத்ததில் நரம்பு நின்றுவிட்டது, யார் மேலும் தப்பில்லை, கட்டி போனதே பெரிசு என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் சொன்னாள், சொன்னது அவளுக்கே கேட்கவில்லை. தோளை இறக்குங்கம்மா, எதுக்கு இவ்வளவு விறைப்பா இருக்கீங்க என்றார் டாக்டர். தோளை இறக்கினாள். இறக்கியதும் எங்கிருந்தோ மோட்டார் ஞாபகம் வந்தது. கிளம்பும்போது மேல்தொட்டிக்கு மோட்டார் போட்டாளே, அணைத்தாளா? வாசலில் கார் வந்து நின்றது, பூட்டைத் தேடினார்கள், பூட்டு கிடைத்தது, அதற்கும் முன்னால் ஸ்விட்ச், ஸ்விட்சுக்கு மேலே முருகன் காலண்டர், காலண்டர் ஞாபகம் இருக்கிறது, கை ஸ்விட்சுக்குப் போனது ஞாபகம் இல்லை. தொட்டி நிரம்பி வழிந்து, தறிக்குடோன் சுவர் ஓரமாக ஓடி, பாவு நூல் மூட்டை நனைந்து. வெளியே வராண்டாவில் உட்கார்ந்திருக்கும் வீட்டுக்காரர் மயில்சாமியைக் கேட்கலாம் என்றால் நடுவில் ஒரு கதவு. கதவு இல்லாவிட்டாலும் அவளுக்குக் குரல் இல்லை, அவருக்குக் காது இல்லை. நல்ல ஜோடி.

ஊசியை நீட்டத் தயாராக நின்றிருந்தவள் வைதேகி. டாக்டர்தான், ஆனால் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, இந்த மருந்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிற டாக்டர். முப்பத்தைந்து வயசு இருக்கும், ஐஸ் நிரப்பிய ஸ்டீல் தட்டில் இரண்டு ஊசிகளைப் படுக்க வைத்துக்கொண்டு, குழந்தையைத் தொட்டிலில் போட்டவள் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்து என்று சொல்லக் கூடாது, ஜெல் என்று சொல்ல வேண்டும். குளிரில் தண்ணீராக இருக்கும், உடம்புக்குள் போனதும் உறையும். சுலோசனாவுக்கு அது முதலில் பிடிபடவே இல்லை. நெய் குளிரில்தானே உறைகிறது, சூடு பட்டால் உருகுகிறது, இது என்ன தலைகீழாக. சூட்டு உடம்பு என்று சின்ன வயசிலிருந்தே அவளுக்குப் பெயர். வாய்ப்புண் வந்தால் சூடு, கண் எரிந்தால் சூடு, கோபம் வந்தாலும் சூடு. வெள்ளிக்கிழமை எண்ணெய் வை, வெந்தயம் ஊறப் போட்டுக் குடி, மோரைக் கரைத்து ஊற்று என்று இந்த உடம்பின் சூட்டைக் குறைக்கப் பாடுபடாத ஆள் சோமனூரில் பாக்கியில்லை. கடைசியில் இந்தப் பெண் வந்து உங்க சூடுதான்க்கா எனக்கு வேணும் என்கிறாள். போன மாசம் இரண்டு பேரையும் உட்கார வைத்து விளக்கினாளே, அன்றைக்கு ஐஸிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை எடுத்து சாய்த்துக் காட்டினாள், உள்ளே இருந்தது தண்ணீர் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. அதைச் சுலோசனாவின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள். திறங்கக்கா என்றாள். திறந்து குப்பியைக் கவிழ்த்தால் விழவில்லை, இளநீர் வழுக்கை மாதிரி மேலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. மயில்சாமிக்கு முகம் எல்லாம் கண். எனக்கும் குடுங்க என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். அவர் எதையும் அப்படித்தான் சொல்வார், தன் குரல் தனக்குக் கேட்க வேண்டுமே. குப்பி மறுபடி ஐஸுக்குப் போய் இளகி வந்தது, அவர் அதைத் தறி ஓட்டிக் காய்த்துப் போன கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு, குஞ்சு பொரிக்கிற முட்டையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். அங்கேயும் உறைந்தது. "யாரு கையில வச்சாலும் உறையுங்களா?" "உயிரோட இருக்கற யாரு கையில வச்சாலும் உறையுங்க." அவருக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது, வீடு வந்து சேரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தார். அதற்கு முன்னால் கேட்ட கேள்விகளை நினைத்தால்தான் இப்போதும் சிரிப்பு வருகிறது, சிரிக்கக் கூடாது, சிரித்தால் குழாய் ஆடும். இவ ஐஸ்கிரீம் தின்னா இளகிப் போயிடுங்களா? காய்ச்சல் வந்தா கல்லாயிடுங்களா? வைதேகி சலித்துக்கொள்ளாமல், அவர் தன் உதட்டைப் பார்க்கிறார் என்று தெரிந்துகொண்டு நேராகத் திரும்பி உட்கார்ந்து, ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். ஐஸ்கிரீம் வயித்துக்குப் போறப்பவே சூடாயிடுங்க, உள்ள இருக்கறது அப்படியேதான் இருக்கும். இது வெறும் சாரம் மாதிரிங்க, கட்டடம் கட்டறப்போ மூங்கில்ல சாரம் கட்டுவாங்கல்ல, அது. அக்காவோட சதையில இருக்கற உயிரணுவெல்லாம் அதுல ஏறி வந்து உக்காந்து தானா வளரணும், வளர்ந்துட்டா சாரம் மெல்லக் கரைஞ்சு போயிடும். வளரலைன்னா என்று கேட்டது மயில்சாமி இல்லை, சுலோசனா. காற்றாகத்தான் கேட்டாள். வைதேகி கொஞ்சம் தயங்கினாள். அப்போ சில மாசத்துல கரைஞ்சு, இப்ப இருக்கற மாதிரியே ஆயிடுங்கக்கா. இது சோதனைதான், உங்களுக்கு முன்னாடி ரொம்பப் பேருக்குப் போடலை, பொய் சொல்ல மாட்டேன் என்றாள். அந்தத் தயக்கத்துக்காகத்தான் சுலோசனா சம்மதித்தாள். கோர்ட்டு வேலையில் பொய்யும் மெய்யும் சொல்கிறவர்களை இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவள், தயங்கிவிட்டுச் சொல்கிறவர்களை நம்பலாம் என்று அவளுக்கு ஒரு கணக்கு.

"ஊசி போடறேன்மா. கழுத்துக்கு வெளிய இருந்துதான் வரும். அசையாதீங்க," என்றார் டாக்டர். குரல்வளை மேட்டுக்கு மேலே ஏதோ அழுத்தியது, வலியில்லை, யாரோ விரலை வைத்து என்னவோ கேட்கிற மாதிரி. டிவியில் அந்த ரோஸ் நிறக் குகையின் கூரையிலிருந்து ஒரு வெள்ளி முனை எட்டிப் பார்த்தது. அது தன் கழுத்துக்குள் வந்த முனை என்று அவளுக்கு உறைப்பதற்குள் நாக்குக்கடியில் இருந்த குளம் உடைந்தது. விழுங்கிவிட்டாள். குகை முழுக்கச் சுருங்கி மூடியது, திரை சிவந்து இருண்டது, இருமல் வந்தது, டாக்டர் சட்டென்று ஊசியை அசையாமல் பிடித்துக்கொண்டு பரவாயில்ல, பரவாயில்ல, மெதுவா மூச்சு விடுங்க என்றார். மூச்சு விட்டாள். கண்ணில் தண்ணீர். குகை மறுபடி திறந்தது. டாக்டர் அமுக்கினார், இன்னும் அமுக்கினார், முகம் மாறியது. "வரலை, வைதேகி." "ஊசியிலயே உறைஞ்சிடுச்சு டாக்டர். உள்ள ரொம்ப நேரம் நின்னுடுச்சு." ஊசி வெளியே வந்தது. பஞ்சை வைத்து அழுத்தினார்கள். சூட்டு உடம்பு, சூட்டு உடம்பு, ஊசிக்குள்ளேயே உறைய வைத்துவிட்டாளே பாவி. தட்டில் இன்னும் ஒன்றுதான் இருந்தது. அதுவும் போனால் என்ன என்று அவள் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது, வைதேகியின் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது, இதை மறுபடி தயாரித்து வர வேண்டும், இன்னொரு நாள், இன்னொரு தடவை கார் பிடித்து, இன்னொரு தடவை மயில்சாமி அந்த வராண்டாவில் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டு. டாக்டர் ஜோஷுவா நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தார். "உங்க தப்பு இல்லம்மா. எல்லாருக்கும் ஆகறதுதான். தொண்டையப் பத்தியே நினைக்காதீங்க. வேற எதையாவது நினைங்க. உங்களுக்குப் பிடிச்சது எதாவது."

பிடிச்சது எதாவது. இப்படிச் சட்டென்று கேட்டால் என்ன நினைப்பது. டாக்டர் மருந்தை மறுபடி அடித்தார், வாழைப்பழம், கசப்பு, குழாய் கொஞ்சம் நகர்ந்தது. பல்லடம் கோர்ட்டு ஞாபகம் வந்தது, அந்த நீள வராண்டா, வேப்பமரம், அதற்கும் அப்பால் டீக்கடை. அங்கே பெயர் கூப்பிடுகிற டவாலி வேலைக்கு ஒரு பொம்பளை வருகிறாள் என்றதும் வக்கீல் குமாஸ்தாக்கள் சிரித்தார்களாம். வந்த முதல் நாள் வாசல்படியில் நின்று கட்சிக்காரர் பெயரைக் கூப்பிட்டாள், டீக்கடையில் கிளாஸை வாயில் வைத்திருந்தவர் கிளாஸோடு ஓடி வந்தார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை கூப்பிட வேண்டும். முதல் தடவை பெயருக்காக, இரண்டாவது தடவை ஊருக்காக, மூன்றாவது தடவை வராதவர்களுக்காக என்று அவளாக ஒரு அர்த்தம் வைத்திருந்தாள், மூன்றாவது தடவை கொஞ்சம் இரக்கம் சேர்த்துத்தான் கூப்பிடுவாள், வந்துவிடேன்ப்பா, வராவிட்டால் உனக்கு எதிராக எழுதிவிடுவார்கள் என்கிற மாதிரி. ஆபரேஷன் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று அதே படியில் நின்று வாயைத் திறந்தாள். காற்று வந்தது. கீழே நின்றிருந்த நாய்கூடத் திரும்பவில்லை. உள்ளே இருந்து நீதிபதி அம்மாவே எழுந்து வந்து, பரவால்லம்மா, நீங்க உள்ள வந்து உக்காருங்க என்றார், அந்தப் பரவால்லம்மாவில்தான் அவள் அழுதாள். இப்போது நகல் பிரிவில் தாள் கட்டுகிறாள், கட்டுகளுக்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. இது பிடிச்சது இல்லையே, பிடிச்சதைத்தானே நினைக்கச் சொன்னார். மோட்டார். அணைத்தாளா. வேண்டாம், மோட்டாரை விடு. மயில்சாமி. கல்யாணமான புதிதில் நாலு தறி, இரவு பகலாகச் சடக்குச் சடக்கென்று, அந்தச் சத்தத்தில் அவர் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது அவருக்கே தெரியாது, அவளுக்கும் தெரியாது, ஏனென்றால் அவளுடைய குரல் அவரை எட்டிக்கொண்டே இருந்தது. வீட்டுக்குள்ளிருந்து சாப்பிட வாங்க என்றால் குடோனில் தறிச் சத்தத்தையும் தாண்டி அவர் தலையைத் தூக்குவார். உனக்குன்னே செஞ்ச தொண்டை அம்மிணி என்பார். காது டெஸ்ட் பண்ணலாம், மெஷின் வச்சுக்கலாம் என்று மகள் தாரணி எத்தனை தடவை சொல்லியிருப்பாள், எதுக்கு, உங்கம்மா பேசறது கேக்குதல்ல, அது போதும் என்றுவிடுவார். அந்தக் குரல்தான் போயிற்று. முதல் சில நாள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், வீட்டில் யாரோ செத்துப்போன மாதிரி. அப்புறம்தான் அவருக்கு அந்த வித்தை ஞாபகம் வந்தது. தறிக்காரர்கள் சத்தத்துக்கு நடுவில் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள், அவரும் இருபது வயசிலிருந்து அப்படிப் பேசியவர்தானே. நீ சும்மா வாயை மட்டும் அசை அம்மிணி, நான் பாத்துக்கறேன் என்றார். வெளிச்சம் இருந்தால் போதும். கரண்டு போனால் பேச்சும் போய்விடும். ஒரு சாயங்காலம் மழையில் கரண்டு போனது, அவள் பாதி வாக்கியத்தில் இருந்தாள், தாரணிக்கு வந்திருக்கிற வரனைப் பற்றி, முக்கியமான இடத்தில். இருட்டில் அவர் சொல்லு, சொல்லு என்கிறார், அவள் காற்றை ஊதிக்கொண்டிருக்கிறாள். தீப்பெட்டியைத் தேடி எடுத்துக் குச்சியைக் கிழித்து அவள் வாய்க்கு நேராகப் பிடித்தார். ஒரு குச்சிக்கு நாலு வார்த்தை. பையன் நல்லவனாட்டந்தான் தெரியுது. குச்சி அணைந்தது. அடுத்த குச்சி. ஆனா அவங்கம்மா பேச்சுத்தான். அணைந்தது. விரலைச் சுட்டுக்கொண்டு ஊதிக்கொண்டே, மேல சொல்லு என்கிறார். தீப்பெட்டி காலியாகிறவரை அவர்கள் பேசினார்கள், அந்த வரனைப் பற்றி இவ்வளவு பேசினதில் வரன் வேண்டாம் என்றே முடிவாகிவிட்டது.

"அப்படியே இருங்கம்மா," என்று யாரோ சொன்னார்கள், டாக்டராகத்தான் இருக்கும், கழுத்தில் மறுபடி அந்த விரல் மாதிரி அழுத்தம், அவள் திரையைப் பார்க்கவில்லை, அந்தத் தீக்குச்சி வெளிச்சத்தில் தெரிந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். புருவத்தைச் சுருக்கி, பள்ளிக்கூடத்துப் பையன் கரும்பலகையைப் பார்க்கிற மாதிரி அவள் வாயையே பார்க்கிற முகம். சமையல்கட்டிலிருந்து கூப்பிட முடியவில்லை என்று அவரே ஒயர் இழுத்து ஒரு பெல் ஸ்விட்சும், ஹாலில் டிவிக்கு மேலே ஒரு சிவப்பு பல்பும் மாட்டிக் கொடுத்தார். ஒரு தடவை அமுக்கினால் வாங்க. இரண்டு தடவை அமுக்கினால் சாப்பாடு. நிறுத்தாமல் அமுக்கினால் கோபம். அவர் டிவியில் கிரிக்கெட் பார்க்கும்போது அந்தக் கோபம் பலமுறை எரிந்திருக்கிறது. சண்டைதான் போட முடியவில்லை. ஒரு தடவை, ஒரே தடவை, சண்டை முற்றிய இடத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான், சண்டை முடிந்தது, அவள் சொன்ன எதுவும் அவருக்குப் போகவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவரே கண்ணைத் திறந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, தப்பு அம்மிணி, தப்பு, இனிமே மூட மாட்டேன், எவ்வளவு வேணா திட்டு என்று எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டார். எங்கே திட்டுவது. சிரிப்புதான் வந்தது. உள்ளே ஏதோ குளிர்ந்தது. தொண்டை இருந்த இடத்தில், தொண்டையே இல்லாத இடத்தில், ஐஸ் தண்ணீர் ஒரு சொட்டு. "போகுது டாக்டர், போகுது," என்றது வைதேகியின் குரல். இப்போது திரையைப் பார்த்தாள். சும்மா கிடந்த இடது பட்டை மெல்ல உப்பிக்கொண்டிருந்தது, பால் பொங்குகிற மாதிரி இல்லை, மாவு புளித்து எழும்புகிற மாதிரி, அவசரமே இல்லாமல். நடுவை நோக்கி வந்தது. "ஈ...ன்னு இழுங்கம்மா." இழுத்தாள். காற்று. இன்னும் கொஞ்சம் குளிர். "இன்னொரு தடவை." இந்தத் தடவை காற்றுக்குள் ஏதோ ஒரு நூல் இருந்தது, மெல்லிசு, அறுந்து அறுந்து. டாக்டர் இன்னும் ஒரு துளி விட்டார். ஊசியை எடுத்தார். "அவ்வளவுதான். கொஞ்சம் பொறுங்க, உறையட்டும்."

உறையட்டும். எல்லோரும் காத்திருந்தார்கள். குழாயும் வெளியே வந்துவிட்டது, மூக்கு எரிந்தது, இனி விழுங்கலாம் என்றார்கள், இப்போது பார்த்து விழுங்க எச்சிலே இல்லை. அவள் உடம்பு அந்தச் சொட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்தது, யாரும் சொல்லாமல், அவள் எதுவும் செய்யாமல். குரல் வரட்டும் என்று ஒரு வருஷமாக வேண்டாத கோயில் இல்லை, இப்போது வரப்போகிற நேரத்தில் அவளுக்கு ஒரு பயம் வந்தது, ஊசி பற்றியோ உறைவது பற்றியோ இல்லை. அந்தப் பயம் இவ்வளவு நாளாக எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியவில்லை. இந்த ஒரு வருஷம் அந்த மனுஷன் அவள் முகத்தைப் பார்த்த மாதிரி, இருபத்தாறு வருஷத்தில் மொத்தமாகக்கூடப் பார்த்ததில்லை. குரல் இருந்த காலத்தில் அவள் சமையல்கட்டில் நின்று பேசுவாள், அவர் பேப்பரைப் பார்த்துக்கொண்டே ம் என்பார். அவள் கொடியில் துணி போட்டுக்கொண்டு பேசுவாள், அவர் குடோனில் பாவு நூலைக் கோத்துக்கொண்டே ஆமா என்பார். குரல் போனது, அவர் பேப்பரை மடித்து வைக்கப் பழகினார். டிவியை அணைக்கப் பழகினார். பேச வேண்டுமென்றால் அவள் எதிரில் வந்து உட்கார வேண்டும், அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், வேறு வழியில்லை. மூக்குத்தியை மாற்றியதை அன்றைக்கே கண்டுபிடித்தார். மேலுதட்டில் முளைத்த ஒரு நரை முடியைப் பற்றி மரியாதையாக ஒன்றும் சொல்லாமல் இருந்தார், ஆனால் பார்த்துவிட்டார், அது அவளுக்குத் தெரியும். வாய் வார்த்தையச் சொல்றதுக்கு முன்னால கண்ணு சொல்லிடும் அம்மிணி உனக்கு, அது இத்தனை நாள் எனக்குத் தெரியாமப் போச்சு என்று ஒரு நாள் சொன்னார், சொல்லிவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு தறியைப் பார்க்கப் போய்விட்டார். இனிமேல் குரல் வந்தால், மறுபடி பேப்பர்தான், மறுபடி ம் தான். இப்படி நினைக்கிறோமே என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. கால் உடைந்தவள் தோளில் சாய்ந்து நடந்த ருசியில் கால் குணமாகவே வேண்டாமென்று நினைப்பாளா. இத்தனை பேர் பாடுபட்டு, இந்தப் பெண் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி ஐஸ் தட்டோடு நிற்கிறாள், இவள் என்னடாவென்றால். ஆனால் நினைப்பு வந்துவிட்டதே. வந்த நினைப்பை விழுங்கவா முடியும்.

"இப்பச் சொல்லுங்கம்மா. எதாவது. உங்க பேரு சொல்லுங்க."

வாயைத் திறந்தாள். "சுலோசனா," என்றாள். வந்தது. காற்றில்லை, குரல். ஆனால் அவளுடையது இல்லை. அது கொஞ்சம் கனமாக, கரகரவென்று, ஜலதோஷம் பிடித்த யாரோ ஒரு பெரிய மனுஷி பக்கத்தில் நின்று அவள் பெயரைச் சொன்ன மாதிரி இருந்தது. அவள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள், யாரும் இல்லை. வைதேகி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். "தண்ணி குடிக்கலாங்களா?" என்று கேட்டாள் சுலோசனா, குரலைப் பார்ப்பதற்காக இல்லை, உண்மையாகவே நா வறண்டிருந்தது. டாக்டர் ஜோஷுவா சத்தமாகச் சிரித்தார். "மரத்துப் போனது தெளியட்டும், அப்புறம் குடிக்கலாம். குரல் பழைய மாதிரி இருக்காது, கொஞ்சம் வீக்கம் இருக்கு, வத்தினா மாறும். எது வரைக்கும் நிக்கும்னு போகப் போகத்தான் தெரியும். ஒரு வாரத்துக்கு ரொம்பப் பேசாதீங்க, கத்தவே கூடாது. இன்னிக்கு வீட்டுக்காரர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிக்கங்க, அதோட சரி." இரண்டு வார்த்தை. கோர்ட்டில் எத்தனை ஆயிரம் பேரைக் கூப்பிட்டிருக்கிறாள், இப்போது இரண்டே வார்த்தை, எதைச் சொல்வது. ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்தது எல்லாம் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து முட்டிக்கொண்டு நின்றது. வைதேகி கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். "உள்ள வாங்கய்யா," என்று கையையும் சேர்த்துக் காட்டினாள்.

மயில்சாமி செருப்பை வெளியே விட்டுவிட்டு, யாரும் விடச் சொல்லவில்லை, கோயிலுக்குள் வருகிற மாதிரி உள்ளே வந்தார். சட்டையில் மேல் பட்டன் இல்லை, திருகித் திருகிப் பிய்த்துவிட்டிருந்தார், அது கையில் இருந்தது. யாரையும் பார்க்கவில்லை, டாக்டர் என்னவோ சொன்னார், அதையும் பார்க்கவில்லை. நேராக அவள் நாற்காலிக்கு முன்னால் வந்து, முழங்காலில் கையை ஊன்றி, முதுகை வளைத்துக் குனிந்து, தன் முகத்தை அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கொண்டு வந்து நிறுத்தினார். புருவம் சுருங்கியது. கண் அவள் உதட்டில் வந்து நின்றது. என்னாச்சு அம்மிணி, சொல்லு என்றார், அறை முழுக்கக் கேட்கிற மாதிரி. அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, குனிந்து குனிந்து அந்த இடத்தில் வலி என்று தைலம் தேய்த்துக்கொள்கிறவர். அவளுக்குச் சேர்த்து வைத்த எதுவும் ஞாபகத்தில் இல்லை.

"எதுக்குங்க குனியறீங்க? நிமிந்து நில்லுங்க," என்றாள்.

அவர் முகத்தில் முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு புருவம் மெல்ல விரிந்தது. கேட்டதா, உதட்டைப் பார்த்துப் படித்தாரா என்று அவளுக்குச் சந்தேகம், கையை எடுத்து வாயை முழுக்கப் பொத்திக்கொண்டு, கைக்குள்ளிருந்தே, அந்தக் கரகரத்த புதுக் குரலில் மறுபடி சொன்னாள். "நிமிந்து நில்லுங்கன்னேன்."

"கேட்டுச்சு," என்றார் மயில்சாமி. அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது, அவ்வளவு மெதுவாகச் சொன்னார். "நல்லாக் கேட்டுச்சு அம்மிணி."

ஆனால் நிமிரவில்லை. முழங்காலில் ஊன்றிய கையை எடுக்காமல், பொத்தியிருந்த அவள் கையை மட்டும் மெல்ல விலக்கிவிட்டு, அதே ஒரு சாண் தூரத்தில் அப்படியே குனிந்து நின்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் நாற்காலியை நகர்த்தி வழி விட்டார். வைதேகி ஐஸ் தட்டை எடுத்துக்கொண்டு சத்தம் வராமல் வெளியே போனாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.